இரண்டு மடங்கு ஆழமாகக் கட்டிய ஓடை

எஸ்தர்,

உன் கார்டு வியாழக்கிழமை வந்தது. நாலே வரி. கல்யாணம் மே மாதம், ஓசூரில். அம்மாவை அவசியம் அனுப்பி வைக்கவும். நீங்கள் வருவது உங்கள் இஷ்டம். கீழே உன் பெயர், அவ்வளவுதான். இரண்டு வருஷமாகப் பெண்ணிடமிருந்து ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தவனுக்கு வந்த முதல் கடிதம் இது. அதையும் தபால்காரர் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நீட்டினார். பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் உனக்கு வேலை கொடுத்த பள்ளிக்கூடத்தை. மூன்றாவதில் ஒரு பாவமும் அறியாத முனிரத்தினத்தை. இது நாலாவது. இதிலும் எரிச்சல் இருக்கும், பொறுத்துக்கொள். ஐம்பத்திரண்டு வயதில் குணத்தைச் சட்டைபோலக் கழற்றி மாட்ட எனக்கு வரவில்லை.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். மாப்பிள்ளை பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர் என்று அம்மா சொன்னாள். அவரும் படிக்கட்டும். அளவு பார்த்துப் பிழைக்கிறவர், அவருக்கு இது சீக்கிரம் புரியும். யுத்தத்துக்கு முன்னும் பின்னும் நான் கிருஷ்ணகிரி சர்வே ஆபீசில் படம் வரைகிறவன். நடுவில் நாலு வருஷம் டாங்கிப் படையில் இருந்தேன். அங்கேயும் துப்பாக்கி பிடித்ததைவிட மணல் அள்ளியதுதான் அதிகம். தாக்குதலுக்கு முன்னால் அதிகாரிகள் சுற்றி நின்று பார்ப்பதற்காக, வரைபடத்தில் இருக்கும் நிலத்தை மணலில் சின்னதாகக் கட்டித் தருவது என் வேலை. மேடு, பள்ளம், ஓடை, தோப்பு எல்லாம் கட்டி, மேலே மரத்தில் செதுக்கிய சின்ன டாங்கிகளை வைப்பேன். எந்த டாங்கி எங்கே நின்றால் எதிரி கண்ணில் படும், எங்கே நின்றால் படாது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பர்கூர் முனிரத்தினம் அதே படையில் ஒரு டாங்கிக்குத் தலைவன். இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் பர்மாவிலிருந்து திரும்பினவன்.

யுத்தம் முடிந்து வந்த பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வருவான். சர்ச்சிலிருந்து நாம் திரும்பும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பான். வந்த பிறகு எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. பேச வேண்டியது ஒன்று இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை, சொல்ல எனக்கு மனமில்லை. காபியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மௌனம் பொறுக்காமல்தான் நான் ஒரு பெரிய மரத்தட்டு செய்து, காவேரிப்பட்டணத்து ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டினேன். ஆளுக்கு ஆறு டாங்கி, வேப்பங்கட்டையில் செதுக்கியது, குண்டூசிதான் பீரங்கி. ஒரு முறைக்கு ஒரு சாண் நகர்த்தலாம். பீரங்கி முனையிலிருந்து எதிரி டாங்கிக்கு நூல் பிடித்துப் பார்ப்போம். நூல் மணலில் முட்டாமல் போனால் சுடலாம். முள் குச்சி நட்ட தோப்புக்குள் இரண்டு விரற்கடை தாண்டிப் போனவன் ஒளிந்துகொண்டான் என்று கணக்கு, ஆனால் அவனும் வெளியே சுட முடியாது. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூடத்துல மண்ணு, படுக்கையில மண்ணு, சோத்துல மண்ணு. யுத்தத்துக்குப் போனது நீங்க ரெண்டு பேரு, கூட்டிப் பெருக்கறது நானா?" என்றாள்.

ஆட்டத்தில் பாதி நேரம் சண்டையில்தான் போகும். மேட்டுக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் டாங்கி தெரிகிறதா இல்லையா என்று ஒரு மணி நேரம் கத்துவோம். "தெரியுது!" என்பான் அவன். "நீ மேலேர்ந்து பாக்கறே, அதான் தெரியுது" என்பேன் நான். நூலை இழுத்துப் பிடிக்கிறவன் தன் பக்கத்துக்குச் சாதகமாகக் கையைக் கொஞ்சம் ஏற்றுவான், கொஞ்சம் இறக்குவான். இரண்டு பேரும் அதில் பெரிய மோசக்காரர்கள். பதினேழு வயதில் நீ வந்து நடுவராக நின்றபோதுதான் ஆட்டம் ஒழுங்குக்கு வந்தது. நூலை எங்கள் கையிலிருந்து பிடுங்கினாய். என் சவரக் கண்ணாடி உடைந்ததில் ஒரு துண்டை எடுத்து, குச்சியில் சாய்வாக ஒட்டி, டாங்கியின் உயரத்தில் மணலில் நட்டு, டாங்கி எதைப் பார்க்குமோ அதை மட்டும் பார்த்தாய். முழங்காலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீ "தெரியல மாமா" என்று சொன்னால் முனிரத்தினம் மறுபேச்சு பேசமாட்டான். நான்தான் பேசுவேன். அப்போதே நீ ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாய். "அப்பா, உங்க மேடெல்லாம் ரெண்டு மடங்கு உசரம். நிலத்த ரெண்டு மடங்கு ஏத்தினா டாங்கியையும் ரெண்டு மடங்கு உசரமா செதுக்கணும். இல்லைன்னா எல்லாப் பள்ளத்துலயும் டாங்கி ஒளிஞ்சுக்கும்." கணக்கு டீச்சருக்குப் படிக்கிற பெண் அதிகம் பேசுகிறாள் என்று சிரித்து ஒதுக்கினேன். சிரித்ததெல்லாம் வெளியில்தான். நீ சொன்ன ஒவ்வொரு தடவையும் மணலைக் கலைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அவசரப்படுத்தினேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். நின்றுகொண்டு பார்க்கிற அதிகாரிக்கு மேடு பள்ளம் கண்ணில் உறைக்க வேண்டும் என்று மணலில் உயரத்தை மட்டும் கூட்டிக் கட்டுவது எங்கள் வழக்கம். அதில் தப்பில்லை. பர்மாவில் ஒரு காய்ந்த ஓடையை அப்படித்தான் கட்டினேன். ஓர் அதிகாரி குனியாமல் கேட்டார்: இந்த ஓடைக்குள் டாங்கி நின்றால் மறையுமா? நான் ஒரு பொம்மை டாங்கியை ஓடைக்குள் வைத்தேன். முழுக்க மறைந்தது. "மறையும் சார்" என்றேன். நிலம் இரண்டு மடங்கு, டாங்கி ஒரு மடங்கு என்பது அந்த நிமிஷம் என் புத்தியில் இல்லை. படம் வரைகிறவன், அளவு ஒன்றுதான் எனக்குத் தொழில், அதை மறந்தேன். மறுநாள் காலை முனிரத்தினத்தின் டாங்கி அந்த ஓடைக்குள் போய்க் காத்திருந்தது. எதிர் மேட்டிலிருந்து வந்த குண்டு நேராக முன்பக்கம் பாய்ந்தது. முனிரத்தினத்துக்கு இரண்டு விரல் போயிற்று, ஓட்டுநர் பெரியண்ணன் அங்கேயே போனான். நாகரசம்பட்டிக்காரன், கல்யாணமாகி எட்டு மாதம்.

இரண்டு நாள் கழித்து நான் தனியாக அந்த ஓடைக்குள் இறங்கிப் பார்த்தேன், எஸ்தர். கரை என் நெஞ்சு வரைதான் வந்தது. டாங்கி என் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு. அதற்குள் எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் முனிரத்தினம் மணலில் அந்த ஓடையைப் பார்த்தவன். மணலில் மறைந்த டாங்கி நிலத்தில் தெரிந்திருக்கிறது என்றால், தான்தான் கரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி முடிவு கட்டிவிட்டான். என்னிடம் சொன்னான். "ஒரு பத்தடி பின்னால நிறுத்தியிருந்தா பெரியண்ணன் இருந்திருப்பான், டிராயிங்கு." என்னை அவன் கூப்பிடுகிற பெயர் அது. அப்போது என் வாயில் ஒரு பதில் இருந்தது. விழுங்கிவிட்டேன். அவன் உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். உடம்பு தேறிற்று. ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஊருக்கு வந்ததும் அவன் நேரே நாகரசம்பட்டிக்குப் போய், பெரியண்ணன் மனைவி சின்னத்தாயியிடம், "என் தப்பும்மா, நான் நிறுத்தின இடம் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, பெரியண்ணன் இறந்த மாதத்தில், அவன் அங்கே போவான். அவள் உள்ளே கூப்பிடமாட்டாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு மணலில் டாங்கி நகர்த்தினேன்.

கடைசி ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். முனிரத்தினம் வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு ஆட்டம் வேணாம். அந்த ஓடையக் கட்டு" என்றான். "அதெல்லாம் மறந்துபோச்சு" என்றேன். "உனக்கா மறக்கும்? கட்டு. எங்க நிறுத்தியிருக்கணும்னு ஒரு தடவை பாத்துடறேன். எஸ்தரு பாத்துச் சொல்லட்டும். அது சொன்னா நான் நம்புவேன்" என்றான். கட்டினேன். இப்போதாவது சரியான உயரத்தில் கட்டியிருக்கலாம். இல்லை, முன்னால் கட்டியதைப்போலவே இரண்டு மடங்கு ஆழமாகக் கட்டினேன். ஓடைக்குள் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே நிறுத்தியிருந்தால் மறைந்திருக்கும் என்று முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். அவன் பதினோரு வருஷமாகச் சுமந்ததை அப்படியே அவன் தலையில் ஆணி அடித்து நிறுத்தப் பார்த்தேன். இதை எழுதும்போது எனக்கே என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நீ குனிந்தாய். கண்ணாடியை வைத்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து, "அப்பா, இதுவும் ரெண்டு மடங்குதானே?" என்று கேட்டாய். நீ இன்னொரு டாங்கியை எடுத்து, ஓடைக்குள் நின்ற டாங்கியின் முதுகில் வைத்தாய். இரண்டு டாங்கி உயரம். எதிர் மேட்டிலிருந்து நூலைப் பிடித்தாய். முட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பின்னால் நகர்த்தினாய், முட்டவில்லை. இடது பக்கம், வலது பக்கம், கரையோரம், எங்கேயும் முட்டவில்லை. "எங்க நிறுத்தினாலும் தெரிஞ்சிருக்கும் மாமா. உங்க மேல தப்பே இல்ல" என்றாய். அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாய் போலிருக்கிறது. அவன் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "அப்பவும் இப்படித்தான் கட்டினியா?" என்றான். நான், "இல்ல. அங்க சரியான அளவுலதான் கட்டினேன். இது ஆட்டத்துக்காகக் கட்டினது" என்றேன். நீ உடனே, "பொய் சொல்றீங்கப்பா" என்றாய். அவன் முன்னால் சொன்னாய். நான் தட்டில் இருந்ததையெல்லாம் ஒரு கையால் தள்ளிவிட்டு, "பொட்டச்சிக்கு டாங்கியப் பத்தி என்னடி தெரியும்? போய் அடுப்பப் பாரு" என்று உன்னை அறைந்தேன். என் ஆயுளில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவை. அடுத்த வாரம் நீ ஓசூர் பள்ளிக்கூடத்து வேலைக்கு எழுதிப்போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

முனிரத்தினம் என்னை நம்பிவிட்டான். எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் அதுதான். ஒரு சத்தம் போட்டிருந்தால், என் சட்டையைப் பிடித்திருந்தால், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். "டிராயிங்கு அளவு தப்பமாட்டான், கண்ணு" என்று உன்னைச் சமாதானப்படுத்திவிட்டு பஸ் ஏறிப் போனான். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆட்டம் மட்டும் இல்லை. உன்னைப் பற்றி விசாரிப்பான், நான் எரிந்துவிழுவேன். சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை வாயைத் திறந்திருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வரும். அவன் எருமைக்குக் காய்ச்சல் என்பான், மழை பெய்யவில்லை என்பான், அம்மா காபி கொண்டுவருவாள். குறுக்கே வந்ததெல்லாம் சாக்குதான். உன் வீட்டுக்காரர் ஒரு நாள் உன்னிடம் ஒன்றை மறைப்பார், அல்லது நீ அவரிடம் மறைப்பாய். அந்த வாரத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள், தட்டு பறந்தாலும் பரவாயில்லை. நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்து பார்த்தவன் நான். அப்படி ஒரு சமயம் எனக்கு வரவில்லை.

உன் கார்டு வந்த அன்று அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பாடு போடும்போது, "அவ என்ன கேட்டா உங்ககிட்ட? ஆமாங்கற ஒரு வார்த்தை" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எஸ்தர். எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு பர்கூருக்குப் போனேன். முனிரத்தினம் கொல்லையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான். உட்காராமலே சொன்னேன். மணலில் இரண்டு மடங்கு கட்டியது, "மறையும் சார்" என்றது, இரண்டு நாள் கழித்து ஓடைக்குள் இறங்கிப் பார்த்தது, நீ சொன்னது சரி என்பது, எல்லாம். அவன் வாளியைக் கீழே வைக்கவே இல்லை. தண்ணீர் அவன் காலில் சிந்திக்கொண்டிருந்தது. கடைசியில் தெலுங்கில் ஏதோ முனகினான். பிறகு தமிழில் கேட்டான்.

"பதிமூணு வருஷமா அந்த வாசல்ல போய் நிக்கறனே, நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றே? நானா செத்தேன்? நட. அங்க வந்து சொல்லு."

அப்படியே புறப்பட்டான், சட்டைகூட மாற்றவில்லை. இரண்டு பஸ் மாறி நாகரசம்பட்டியில் இறங்கும்வரை அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் தள்ளி நின்றான். ஊரைத் தாண்டி மாந்தோப்பு வழியாக நடந்தோம். காய் இறங்குகிற சமயம், தோப்பு முழுக்கக் கூடையும் ஆட்களுமாக இருந்தது. சின்னத்தாயி எண்ணி எண்ணிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, முன்தலை நரைத்துவிட்டது. முனிரத்தினத்தைப் பார்த்ததும், "இது அந்த மாசம் இல்லியே, இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றாள். "நான் பேச வரலம்மா. இவரு பேசணுமாம்" என்று சொல்லிவிட்டு அவன் விலகி நின்றான்.

நான் என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. மாடல், அளவு என்று ஆரம்பித்து அவளுக்குப் புரியாமல் உளறினேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது. கடைசியில், "முனிரத்தினம் நிறுத்தின இடம் தப்பில்லம்மா. அந்தப் பள்ளம் ஒளிய ஆவாதது. ஒளியலாம்னு சொன்னவன் நான்" என்றேன். கூடையிலிருந்து கையை எடுத்தாள்.

"எம்மாம் ஆழம் இருந்துது?" என்றாள்.

என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். "அவரு உங்களவிட ஒசரம்" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முனிரத்தினத்தைப் பார்த்து, "வெயில்ல நிக்காதீங்க அண்ணா. வூட்டுக்கு வாங்க" என்றாள். அவன் நகரவில்லை. பதிமூன்று வருஷம் கேட்காத வார்த்தை, காதில் விழுந்தும் நம்பாதவன்போல நின்றான். "வாங்கண்ணா" என்று மறுபடியும் சொன்ன பிறகுதான் அவள் பின்னால் போனான். தோப்போரமே இருந்த அவள் வீட்டின் வாசற்படி ஏறும்போது அந்த மூன்று விரல் கையால் கதவைப் பிடித்துக்கொண்டான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் தோப்பில் நின்றேன். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு கூடை தூக்கிப் போனார்கள். உள்ளே அவன் அழுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்கவில்லை. திரும்பும்போதும் அவன் என்னோடு பேசவில்லை. கிருஷ்ணகிரி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக, "எஸ்தருக்கு எழுது" என்றான். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவன் வரவில்லை. இனி வருவானா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே எழுதுகிறேன். நீ சொன்னது சரி. ஓடையைப் பற்றிச் சொன்னதும் சரி, நான் பொய் சொல்கிறேன் என்று சொன்னதும் சரி. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கக் கூடாது, நீயும் நாலு வரிக் கார்டு எழுதும்படி ஆகியிருக்கக் கூடாது. இதற்குமேல் எனக்கு அழகாகச் சொல்ல வரவில்லை. அம்மாவை அனுப்பச் சொன்னாய். தனியாக அனுப்பமாட்டேன், கூட நானும் வருகிறேன். முனிரத்தினத்துக்கு நீயே ஒரு கடிதம் போடு, நான் கூப்பிட்டால் வரமாட்டான். நீ என்னோடு பேசுவாயா, மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. நாகரசம்பட்டியில் அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதற்காக நான் போகாமல் இருந்திருக்க முடியாது.

உன் அப்பா